கடைவாயில் அடக்கிய புதினா: நிக்கோட்டின் சூயிங்கம், ஏழு மாத அனுபவம்

திருச்சி சிந்தாமணிப் பக்கம் ஒரு மெடிக்கல். சிகரெட்டை விட உதவும் நிக்கோட்டின் சூயிங்கம் கேட்டேன். கவுண்டரில் நின்ற பையன் பட்டை ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, "சாதா பபிள்கம் மாதிரிதாண்ணே. மென்னுட்டுத் துப்பிருங்க" என்றான்.

அன்று சாயங்காலம் நான் வேலை பார்க்கும் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து அவன் சொன்னபடியே மென்றேன். மிளகைக் கடித்தது போல ஒரு காரம் தொண்டையில் இறங்கியது. பின்னாலேயே விக்கல். நாமக்கல் பார்ட்டி ஒருவர் போனில் லோடு கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் "சரிங்" என்று ஆரம்பித்து, ஒரு விக்கு விக்கி, "கண்ணே" என்று முடிக்கிறேன். முக்கால் மணி நேரம் நிற்கவில்லை. நெஞ்செரிச்சல் தனி. கடைசியில் வெளியே போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தேன். விக்கல் நின்றது. நான் சிகரெட்டை நிறுத்திய முதல் முயற்சி இரண்டு மணி நேரம் நீடித்தது.

இந்தச் சரக்குக்கு ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தோடு நின்றவர்களாகத்தான் இருக்க வேண்டும். நானும் அன்றைக்கு எழுதியிருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. மூன்று கம்பெனி மாற்றிப் பார்த்தேன். உள்ளே இருப்பது ஒன்றேதான், புதினாவின் குளிர்ச்சியில் மட்டும் கூடக்குறைய. மூன்றிலுமே அந்த வெள்ளிப் பட்டையைப் பிரிப்பது பெரும்பாடு. கை நடுங்கிக்கொண்டு சிகரெட்டுக்கு ஏங்குகிறவனுக்கு விற்கும் பொருளை இப்படியா அடைத்துத் தருவது? பல்லால் கடித்துக் கிழித்துக் கிழித்து எனக்கு ஒரு முன்பல்லே விளிம்பு உதிர்ந்துவிட்டது.

என்னைப் பற்றி: ஊர் உறையூர். பத்தொன்பது வயதில் ஆரம்பித்தேன், நாற்பத்தாறில் விட்டேன். 2024 காணும் பொங்கலுக்கு மறுநாள்தான் நாள் குறித்தது. தினம் பன்னிரண்டு சிகரெட், லோடு மாட்டிக்கொண்ட நாளில் பதினைந்து. பெரிய கணக்கில்லை என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் முதல் சிகரெட் காலை 5.40-க்கு, சாலை ரோடு டீக்கடையில், முகம் கழுவிய ஈரம் காய்வதற்கு முன்னால். எண்ணிக்கையைவிட அந்த 5.40-தான் முக்கியம் என்பது பின்னால் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

விக்கல் நாளுக்கு இரண்டு நாள் கழித்து, பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த துண்டுத்தாளைப் பிரித்தேன். எறும்பு எழுத்து, முழுக்க ஆங்கிலம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கி வாசித்துச் சொன்னாள். "மெதுவா மெல்லணும். காரம் தெரிஞ்சா உடனே நிறுத்திடணும். நிறுத்திட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல 'பார்க்' பண்ணணும். காரம் அடங்கினதும் மறுபடி நாலு மெல்லு. மறுபடி பார்க், இந்தத் தடவை வேற பக்கம். இப்படியே அரை மணி நேரம். எச்சிலை மடக்மடக்குனு முழுங்கக் கூடாது. இதுக்குக் கால் மணி முன்னாடி டீ, காபி, ஜூஸ் எதுவும் கூடாது."

வாசித்துவிட்டு, "என்னப்பா, கார் நிறுத்துற மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்கு அப்பாயி ஞாபகம் வந்தது.

எங்கள் அப்பாயி திண்ணையில் காலை நீட்டி உட்காருவாள். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, பாக்குவெட்டியில் பாக்கைச் சீவிப்போட்டு மடித்து மெல்லுவாள். அதெல்லாம் மென்று ஒரு பதத்துக்கு வந்த பிறகுதான் புகையிலைத் துணுக்கு உள்ளே போகும். அதை மெல்லமாட்டாள். கடைவாயில் அடக்கிக்கொள்வாள். பேச்சு நடுவில் அது இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு நகர்வது வெளியிலிருந்தே தெரியும். சிறுவயதில் ஒருமுறை, ஏன் மெல்லாமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறேன். "மென்னா தலை சுத்தும் சாமி. அடக்கிக்கிட்டா ஒரு மணி நேரம் ஓடும்" என்றாள். எட்டாக மடித்த துண்டுத்தாள் சொல்வதும் இதைத்தான்.

சுண்ணாம்பு விஷயத்திலும் அப்பாயி விஞ்ஞானம் தெரிந்தவள். வாயின் உட்தோல் வழியாக நிக்கோட்டின் ரத்தத்துக்குள் போக வேண்டுமானால் வாயில் காரத்தன்மை, அதாவது புளிப்புக்கு எதிரான குணம், வேண்டும். புளிப்பு இருந்தால் அது உறிஞ்சப்படாமல் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். அங்கேதான் விக்கலும் எரிச்சலும். அதற்காகவே சூயிங்கம் செய்கிறவர்கள் உள்ளே கொஞ்சம் சோடியம் கார்பனேட் சேர்க்கிறார்கள். டீயும் காபியும் எலுமிச்சை ஜூஸும் கூடாது என்பதும் அதற்காகவே. அப்பாயி சேர்த்தது சுண்ணாம்பு.

கடைசியில் அவளுக்கு அதே இடது கடைவாயில்தான் புண் வந்தது. ஆறாத புண். 1994-ல் போய்ச் சேர்ந்தாள். கடைசி மூன்று மாதம் கஞ்சியைக்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் குடித்தாள்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் சூயிங்கத்தைக் கன்னத்தில் அடக்கியிருப்பதைப் பார்த்த என் அத்தை, "நீயும் அந்த எடத்துலயே வைக்கிறியாடா?" என்று அழுதுவிட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஆளை விடாமல் பிடித்து வைத்திருப்பது நிக்கோட்டின். புற்றைக் கொண்டுவருவது புகையிலையில் அதோடு சேர்ந்து வரும் மற்ற விஷங்கள். நைட்ரோசமைன் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. எரித்தால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துகொள்ளும். இந்தச் சூயிங்கத்தில் இலை இல்லை, புகை இல்லை. பிடித்து வைத்திருக்கும் அந்த ஒன்று மட்டும், அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. அத்தைக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது; பார்ப்பதற்கு மிட்டாய் மாதிரியே இருக்கிறது.

அப்பாயி புகையிலை போட்டாள், தாத்தா புகையிலை சுருட்டினார். உறையூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழைய சோழர் தலைநகரமோ, தலைக்கு மேல் கூரை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் வெக்காளியம்மனோ ஞாபகம் வரும். எங்கள் தாத்தா தலைமுறைக்கு உறையூர் என்றால் சுருட்டு. திண்டுக்கல் பக்கத்து இலை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். திண்ணையிலும் கொட்டகையிலும் வரிசையாக உட்கார்ந்து, உள்ளே வைக்கும் துண்டு இலையைத் திரட்டி, மேல் இலையை ஈரம் பண்ணி நரம்பெடுத்துச் சுற்றுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு கப்பலேறிச் சீமை வரை போனது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று சொல்கிறார்களே, அது நம் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனதுதான். 1887-ல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த வீட்டுத் தரையில் கிடந்த சாம்பலைக் கிள்ளியெடுத்துப் பார்த்தே, கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். எங்கள் ஊர்ச் சாம்பலுக்கு அப்படி ஒரு முகம் இருந்திருக்கிறது.

ஊரில் யாரைக் கேட்டாலும் சர்ச்சில் கதையும் சொல்வார்கள்: சர்ச்சில் வாயில் எந்நேரமும் இருந்தது நம்ம ஊர்ச் சுருட்டுதான் என்று. அவர் ஆயுசு பூராவும் அதிகம் பிடித்தது கியூபா சுருட்டு. தாத்தாவிடம் யாராவது சர்ச்சில் பெருமையை எடுத்தால், "எனக்கு நூத்துக்கு இவ்வளவுன்னு எண்ணிக் கூலி குடுத்தது சர்ச்சில் இல்ல" என்று முடித்துவிடுவார்.

தாத்தாவின் பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் தேன் நிறத்துக்குப் போயிருக்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வேலைக்குப் புதிதாக வந்த பையன்கள் ஈர இலையைத் தொட்டுத் தொட்டே தலைசுற்றி வாந்தி எடுப்பார்கள் என்று சொல்லுவார். ஆனால் அவர் ஒரு சுருட்டுக்கூடப் பிடித்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வம் கருப்பசாமிக்குப் படையலில் வைக்க மட்டும் நல்லதாக இரண்டு எடுத்து வைப்பார். சாமி பிடிக்கும், அவர் பிடிக்கமாட்டார். நானோ சுருட்டைத் தொட்டதே இல்லை, நேரே சிகரெட். ஏன் என்று இந்த ஏழு மாதத்தில்தான் யோசித்தேன். ஒரு சுருட்டு முடிய அரை மணி ஆகும். லாரி ஆபீசில் அரை மணி நேரம் யார் தருவார்கள்? சிகரெட் என்பது ஐந்து நிமிட லீவு. முதலாளியிடம் கேட்க வேண்டியதில்லாத, எழுதிக் கொடுக்க வேண்டியதில்லாத லீவு, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு.

சூயிங்கம் தோற்கிற இடம் இதுதான். அது நிக்கோட்டினைத் தருகிறது. எழுந்து வெளியே போகச் சாக்குத் தருவதில்லை. மேஜையிலேயே உட்கார்ந்து மெல்லலாம் என்பதை ஒரு வசதியாக அட்டைப்பெட்டியில் போடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய குறை. முதல் வாரம் ரத்தத்தில் வேண்டியது இருந்தது, கால்தான் கேட்கவில்லை. பதினொரு மணி ஆனால் கால் தானாக எழுந்துவிடும். கடைசியில் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலை அரை லிட்டர் பாட்டிலாக மாற்றினேன். தண்ணீர் பிடிக்க அடிக்கடி போகலாம் அல்லவா? இப்போது முதலாளி, "என்னய்யா, சர்க்கரை கிர்க்கரை இருக்கா, செக் பண்ணிப் பாரு" என்கிறார்.

இந்தச் சரக்கு பிறந்த கதையிலேயே அந்தக் குறை இருக்கிறது. 1967-ல் ஸ்வீடன் நாட்டில் க்ளாஸ் லண்ட்கிரன் என்ற உடலியல் ஆய்வாளர் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளைக் கவனித்தார். கடலுக்கடியில், மூடிய கப்பலுக்குள் புகை பிடிக்க முடியாது. மாலுமிகள் வாய்ப் புகையிலைக்கு மாறிக்கொண்டு சமாளித்தார்கள். மருந்து கம்பெனியில் இருந்த ஓவே ஃபெர்னோவுக்கு அவர் இதை எழுத, ஃபெர்னோ நிக்கோட்டினைச் சூயிங்கத்துக்குள் அடைக்கும் வேலையில் இறங்கினார். பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. 1978-ல் ஸ்விட்சர்லாந்தில் முதலில் விற்பனைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்தது. சாதா பபிள்கம் இல்லை தம்பி.

ஆக, வெளியே போக வழியில்லாதவனுக்காக யோசித்த பொருள் இது. எங்கள் ஆபீசில் ஒருவர் இதை அப்படியே பயன்படுத்துகிறார்: ரயிலில் போகும்போது சூயிங்கம், பிளாட்பாரத்தில் இறங்கியதும் சிகரெட். மூன்று வருஷமாக இரண்டும் நடக்கிறது. 2 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள சரக்குக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. சில பெட்டிக்கடைகளில் சிகரெட்டுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. நாள் குறிக்காமல் இதை வாங்கினால் செலவு இரண்டு மடங்கு, அவ்வளவுதான்.

இப்போது அந்த 5.40. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறவர் 4 மில்லிகிராமில் ஆரம்பிக்க வேண்டும், மற்றவர்களுக்கு 2 போதும் என்பது கணக்கு. நான் முதலில் வாங்கியது 2. பசித்தவனுக்கு அரை இட்லி. இங்கே 4 வாங்க டாக்டர் சீட்டு வேண்டும். சீட்டுக்குப் போன இடத்தில் பிரஷர் பார்த்து, நெஞ்சு வலி உண்டா என்று கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் இது வேலை செய்ய ஆரம்பித்தது.

இன்னொன்று எனக்கு மூன்றாவது வாரம்தான் உறைத்தது. சிகரெட்டை இழுத்தால் பத்து, இருபது வினாடியில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். சூயிங்கத்தில் உச்சிக்கு வர இருபது, முப்பது நிமிஷம். ஏக்கம் வந்த பிறகு வாயில் போட்டால், ஏக்கம் வந்து ஆடிவிட்டுப் போன பிறகுதான் மருந்து வந்து நிற்கும். அதனால் கடிகாரம் பார்த்துப் போட வேண்டும், மணிக்கு ஒன்றோ ஒன்றரை மணிக்கு ஒன்றோ. வேண்டும்போல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நான் போனில் அலாரம் வைத்தேன். ஒரு நாளைக்கு ஒன்பது. 24-க்கு மேல் போகக் கூடாது என்று தாளில் இருக்கிறது; அந்தப் பக்கம் நான் போகவில்லை. திடீரென்று வரும் ஏக்கத்தையும் போனிலேயே அளந்து பார்த்தேன். நான் அளந்ததில் நீளமானது நான்கு நிமிஷம் பத்து வினாடி, பங்குனி வெயிலில், லோடு ஏற்றாமல் டிரைவர் தகராறு செய்துகொண்டிருந்தபோது. நாலு நிமிஷத்துக்காகவா இருபத்தேழு வருஷம் என்று அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சிகரெட் பெட்டியின் மேலேயே, புகையை விட உதவும் ஓர் இலவச போன் எண் அச்சிட்டிருக்கும், 1800-11-2356. பெட்டியில் 85 சதவீதத்தை அடைத்துக்கொண்டு ஒரு கோரமான படம் இருக்கிறதே, அதோடு 2018-லிருந்து இந்த எண்ணும் வருகிறது. ஐந்து வருஷம் தினமும் அதைக் கையில் வைத்துக்கொண்டே படிக்காமல் இருந்திருக்கிறேன். கூப்பிட்டால் தமிழில் பேசினார்கள். எத்தனை பிடிக்கிறீர்கள், எப்போது முதலாவது, வீட்டில் யார் யார், எந்தத் தேதியில் விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். தேதி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பொங்கல் முடியட்டும்மா" என்றேன். அந்தப் பெண் விடவில்லை. "பொங்கல் நாலு நாளு சார். எந்த நாளு?" அப்படித்தான் காணும் பொங்கலுக்கு மறுநாள் என்று அமைந்தது. அவர்களே பிறகு கூப்பிட்டு விசாரிக்கவும் செய்தார்கள். காசு கொடுத்து வாங்கியதைவிடக் காசில்லாமல் கிடைத்த இந்தப் பேச்சு பாதிக்குமேல் வேலை செய்தது. அதையும் சேர்த்தால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். சூயிங்கத்துக்கு மட்டும் என்றால் மூன்றரை.

உடம்பு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? முதலில் மலச்சிக்கல். இதை யாரும் எழுதுவதில்லை. டீயும் சிகரெட்டும் இல்லாமல் காலைக் கடன் நடக்காது என்று இருந்த ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறோம்! பத்து நாள் அவஸ்தை. ராத்திரி இரண்டு பூவன்பழம், காலையில் வெந்நீர், சரியானது. பிறகு பசி. முறுக்கு, கடலை மிட்டாய், மிக்சர், கைக்கு எது அகப்பட்டாலும். நாலு மாதத்தில் ஆறு கிலோ ஏறினேன். மூக்கு நாலாவது வாரம் திரும்பி வந்தது. மல்லிகை வாசனை முதலில் வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வந்தது காந்தி மார்க்கெட்டின் அழுகின முட்டைக்கோஸ். இருபது வருஷமாக அந்த வழியாகத்தான் போகிறேன், அன்றைக்குத்தான் மூக்கைப் பொத்தினேன்.

எடைக்காகத்தான் மலைக்கோட்டை ஏற ஆரம்பித்தேன். ஏறியே பதினைந்து வருஷம் இருக்கும். உள்ளூர்க்காரன் எவன் ஏறுகிறான்? நானூறுக்கு மேல் படி. பிப்ரவரியில் முதல் தடவை போனபோது ஐந்து இடத்தில் நின்றேன். தாயுமானவர் சன்னதி வருவதற்குள்ளேயே இரண்டு. என் மனைவி முன்னால் போய்விட்டு, "என்னங்க, உட்கார்ந்து வாங்க, சாமி எங்கயும் போயிடாது" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார்.

தாயுமானவர் தாண்டி உச்சிப் பிள்ளையாருக்குப் போகும் வழியில் பல்லவர் குடைவரை ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் வெட்டியது. நான் மூச்சு வாங்க நின்ற நாலாவது இடம் அது. சிவன் தலையில் கங்கை இறங்கும் சிற்பம், அதற்கு இரண்டு பக்கமும் தூண்களில் கிரந்த எழுத்து. முன்பெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறேன். மூச்சு வாங்கி நின்றதால் பார்த்தேன், வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். வடமொழிப் பாட்டு. சிவனுக்கு நதிகள் என்றால் பிரியம்; ஏற்கெனவே கங்கையைத் தலையில் வைத்திருக்கிறவர், கீழே ஓடும் இந்தக் காவிரியைப் பார்த்தால் மனசு போய்விடுமோ என்று பயந்து, மலைமகள் பிறந்த வீட்டை விட்டு இந்த மலையிலேயே வந்து நிரந்தரமாகக் குடியிருக்கிறாள், 'இந்த நதி பல்லவனுக்கு உரியவள்' என்று சொல்லிக்கொண்டு. இதை என் மனைவியிடம் சொன்னேன். அவர் ஆறு மாதமாக நான் வீட்டுக்குள் வந்ததும் சட்டைக் காலரை மோந்து பார்க்கிறவர். "அந்தம்மாவுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

ஆடி வந்தபோது ஒரே இடத்தில் நின்றேன், அந்தக் குடைவரையில். மூச்சுக்காகத்தான் என்று சொல்ல முடியாது.

நடுவில் சறுக்கியதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் லால்குடியில் மாமா இறந்துவிட்டார். துக்க வீட்டில், பந்தலுக்கு வெளியே, எல்லோரும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் நீட்டினார். சாவு வீட்டில் நீட்டியதை வேண்டாம் என்று சொல்ல ஏதோ கூச்சம். வாங்கிப் பிடித்தேன். நனைந்த அட்டைப்பெட்டியை எரித்து இழுத்தது மாதிரி இருந்தது. ஆனாலும் முழுசாகப் பிடித்தேன், அதையும் மறைக்கவில்லை. சட்டைப்பையில் சூயிங்கம் இருந்தது. அழுகைச் சத்தம் கேட்கும்போது எவன் வாயை அசைபோட்டுக்கொண்டு நிற்பான்? பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? இந்த ஊரில் துக்கத்துக்குப் புகையை ஏற்றுக்கொள்வார்கள், சூயிங்கத்தை ஏற்கமாட்டார்கள். மறுநாள் அந்த இலவச எண்ணைக் கூப்பிட்டேன். "ஒண்ணு பிடிச்சுட்டீங்க, சரி. தேதியை மாத்த வேண்டாம் சார், அப்படியே போங்க" என்றார்கள். மாற்றவில்லை.

செலவு: நான் வாங்கியபோது ஒன்று பதினோரு ரூபாய் வாக்கில் விழுந்தது. முதல் மாதம் மூவாயிரம் ரூபாய்க்குப் பக்கம் போனது. சிகரெட்டுக்குப் போனது மூவாயிரத்து அறுநூறு. ஆக, முதல் மாதத்திலேயே பணம் கொட்டும் என்று நினைத்து இறங்காதீர்கள். லாபம் பின்னால் வரும், மெல்லுவது குறையும்போது. தாடை வலியும் முதல் மாதத்தோடு சரி. பல்லுக்குத் தொப்பி போட்டவர்களுக்கு ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். எனக்குக் கீழ்வரிசையில் ஒன்று ஆடிவிட்டது. மென்ற சக்கையைத் தாளில் மடித்துப் போடுங்கள். எங்கள் ஆபீஸ் படிக்கட்டில் ஒட்டிக் கிடப்பது என்னுடையதில்லை.

இதை விடுவதுதான் கடைசி வேலை. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது தாள். எனக்கு ஏழு மாதம் ஆனது. சிகரெட் போய்விட்டது, புதினா பிடித்துக்கொண்டது. ஆறு வாரத்தில் 4-லிருந்து 2-க்கு இறங்கியாயிற்று, ஒன்பதிலிருந்து ஐந்தாகவும் குறைத்தாயிற்று. ஐந்துக்குக் கீழே மட்டும் இறங்கவில்லை. அலாரத்தை எடுத்துவிட்டாலும் வாய் நேரம் தெரிந்து கேட்டது. அப்போதுதான் பரணில் அப்பாயியின் பெட்டியைத் தேடினேன். பித்தளை வெற்றிலைப் பெட்டி, உள்ளே காய்ந்த சுண்ணாம்பு டப்பா, பாக்குவெட்டி. பாக்குவெட்டி துருப்பிடித்திருந்தது, தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கூராக்கினேன். கத்தியில் வெட்டினால் சூயிங்கம் நசுங்கி இழுபடும். பாக்குவெட்டி ஒரே அழுத்தில் சுத்தமாகப் பாதியாக்கும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து மறுநாளைக்கு வெட்டி வைப்பேன். முதலில் அரை, பிறகு கால். கால் துண்டில் நிக்கோட்டின் என்ன இருக்கும், பேருக்குத்தான். ஆனாலும் கடைவாயில் அடக்க ஏதோ ஒன்று இருந்தது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒருநாள் வெட்ட மறந்து தூங்கிவிட்டேன். மறுநாளும் கேட்கவில்லை.

பாக்குவெட்டியைத் துடைத்துப் பெட்டியிலேயே போட்டுவிட்டேன். அடுத்த வருஷ ஆடி வெள்ளிக்கு வீட்டில் அம்மன் படையல். தாம்பூலத்துக்குப் பாக்கு சீவ மகள் அதை எடுத்தாள். இரண்டு பாக்கு சீவிவிட்டு மூக்கருகில் வைத்துப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, அப்பாயி பாக்கோட புதினாவும் போடுவாங்களா?"